சுண்ணாம்புப் பானை

மெக்சிகோவின் கிராமத்து வீடுகளில் நாளைய சாப்பாட்டுக்கு இன்று மாலையே பானை ஏற்றிவிடுவார்கள். நிறையத் தண்ணீர், அதில் காய்ந்த மக்காச்சோளம், மேலே கொஞ்சம் சுண்ணாம்பு. நாம் வெற்றிலையில் தடவுகிறோமே, அதே நீற்றிய சுண்ணாம்புதான். நூறு கிலோ மக்காச்சோளத்துக்கு ஒரு கிலோ என்பது தோராயக் கணக்கு. கொதித்துச் சற்று வெந்ததும் அடுப்பை அணைத்து, இரவு முழுக்க அப்படியே ஊறவிடுவார்கள். விடிந்து பார்த்தால் தண்ணீர் மஞ்சளாகக் கலங்கியிருக்கும். விரலால் தேய்த்தாலே தானியத்தின் மேல்தோல் வழுக்கிக்கொண்டு வரும். நன்றாகக் கழுவி, மெட்டாட்டே என்கிற சாய்வான அம்மியில் அரைத்தால் இழுபட்டு உருளும் மாவு கிடைக்கும். அதைத் தட்டி, கோமால் என்கிற ஓட்டில் சுட்டால் டோர்ட்டியா. ஊறிய அந்த மக்காச்சோளத்துக்குப் பெயர் நிக்ஸ்தமால்.

அந்தப் பானையில் சுண்ணாம்பு போடாமல், வேறு உணவும் அதிகமில்லாமல், மக்காச்சோளத்தை மட்டுமே மாதக்கணக்கில் தின்றால் மனிதனுக்குத் தோல் வெடிக்கும், வயிறு போகும், புத்தி தடுமாறும், கடைசியில் உயிரும் போகும். இது மருத்துவத்துக்கு உறுதியாகத் தெரிந்தது 20ஆம் நூற்றாண்டில்தான். பானையில் சுண்ணாம்பு போட்டவர்களோ குறைந்தது 3,000 ஆண்டுகளாகப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு வைட்டமின் தெரியாது, காரமும் அமிலமும் தெரியாது, அந்த நோயே தெரியாது. நோயையே காணாதவர்கள் அதற்கு மருந்து கண்டது எப்படி?

அனுபவத்தால் என்று ஒரே சொல்லில் பதில் சொல்லிவிடலாம். அறிவியல் முறை உருவாகும் முன் மனிதர் கற்றதையெல்லாம் நாம் அந்த ஒரு சொல்லில்தான் அடைத்து வைத்திருக்கிறோம். இந்தப் பானையின் விஷயத்தில் அந்தப் பதில் செல்லாது.

முதலில் பயிரின் கதை. மெக்சிகோவின் தெற்கே பால்சாஸ் ஆற்றுப் படுகையில் தியோசிந்தே என்றொரு புல் இன்னமும் வளர்கிறது. அதன் கதிர் ஒரு விரல் நீளம்கூட இருக்காது. ஐந்தாறு முதல் பத்துப் பன்னிரண்டு வரை மணிகள், ஒவ்வொன்றும் கல் போன்ற ஓட்டுக்குள். ஏறக்குறைய 9,000 ஆண்டுகளுக்கு முன் அந்தப் பக்கத்து மக்கள் இந்தப் புல்லை விதைக்கவும், பிடித்த கதிரை அடுத்த விதைப்புக்கு எடுத்து வைக்கவும் தொடங்கினார்கள். அதிலிருந்து வந்ததுதான் மக்காச்சோளம். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரே குடும்பம் என்று நம்பவே முடியாது. தாவரவியலாளர்களே 20ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியை அந்தச் சண்டையில் கழித்தார்கள்.

சுண்ணாம்பு எப்போது சேர்ந்தது என்பதற்குக் கல்வெட்டா இருக்கும்? குவாத்தமாலாவின் தெற்குக் கடலோரத்தில் கி.மு. 1500க்கும் 1200க்கும் இடைப்பட்ட காலத்துச் சமையல் பாண்டங்கள் கிடைத்திருக்கின்றன. மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து வடிகட்டப் பயன்பட்டவை என்று அவற்றைத் தொல்லியலாளர்கள் கொள்கிறார்கள். எல்லா இடத்திலும் சுண்ணாம்பே என்றும் இல்லை. சுண்ணாம்புக் கல் கிடைத்த இடத்தில் காளவாயில் சுட்டு நீற்றினார்கள். மாயா மக்களில் லகாந்தோன் பிரிவினர் நத்தை ஓட்டைச் சுட்டுப் பயன்படுத்தினார்கள், நம் கிளிஞ்சல் சுண்ணாம்பு மாதிரி. வடக்கே போனால் மரச்சாம்பலைக் கரைத்துத் தெளிய வைத்த நீர். பொருள் மாறினாலும் எல்லாமே காரம்.

முதன்முதலில் எப்படி விழுந்திருக்கும்? அடுப்பில் ஏற்றக்கூடிய மண்பானை இல்லாத காலத்தில், கூடையிலோ குழியிலோ தண்ணீர் ஊற்றி, நெருப்பில் பழுக்கக் காய்ச்சிய கற்களைப் போட்டுத்தான் கொதிக்க வைப்பார்கள். கிடைத்த கல் சுண்ணாம்புக் கல்லாக இருந்தால் நெருப்பில் அதன் மேற்புறம் சுட்ட சுண்ணாம்பாகிவிடும். தண்ணீரில் விழுந்ததும் நீறும். அமெரிக்காவின் யூட்டா பகுதியில் பழங்குடிகள் பயன்படுத்திய வகைக் கற்களைக் காய்ச்சி மக்காச்சோளத் தண்ணீரில் போட்டுப் பார்த்த ஓர் ஆய்வு 2013இல் வெளியானது. தண்ணீர் போதிய அளவு காரமாகித் தோல் கழன்றது. அப்படித்தான் தொடங்கியது என்பதற்கு அது சான்றாகாது. அப்படியும் தொடங்கியிருக்கலாம் என்று மட்டும் காட்டுகிறது. அடுப்புச் சாம்பல் தற்செயலாகப் பானையில் விழுந்தது என்ற ஊகமும் உண்டு. எனக்கென்னவோ கல்தான் சரியென்று படுகிறது. சாம்பல் விழுந்த பானையை ஒருவர் கொட்டிவிடக் கூடும். கல்லைப் போடாமல் சமைக்கவே வழியில்லை.

தற்செயல் ஒருமுறை நடக்கும். அது வழக்கமாவதற்குத் தினமும் கண்ணுக்குத் தெரிகிற ஒரு லாபம் வேண்டும். அது இங்கே இருந்தது. மக்காச்சோளத்தின் மேல்தோல் முரட்டுத் தோல். கல்லில் கையால் அரைப்பவருக்கு அதுதான் எதிரி. காரத்தில் அந்தத் தோலைப் பிடித்து வைத்திருக்கும் பசைப் பொருள் கரைந்துவிடுகிறது. அரைப்பது எளிதாகிறது. வெறும் மக்காச்சோள மாவைப் பிசைந்து மெல்லிய ரொட்டியாகத் தட்டினால் விண்டு போகும். சுண்ணாம்பில் ஊறியது ஒட்டி நிற்கும். வாசனையும் நன்றாக இருக்கும். அம்மிக்கு முன் மண்டியிட்டுத் தினமும் நாலைந்து மணி நேரம் அரைத்த பெண்களுக்கு இதைவிட வேறென்ன காரணம் வேண்டும்? அவர்களைக் கேட்டிருந்தால் இதைத்தான் சொல்லியிருப்பார்கள், அது உண்மையும்கூட.

தெரியாமல் நடந்தது வேறு. மக்காச்சோளத்தில் நியாசின் என்ற பி வைட்டமின் இருக்கிறது, மோசமில்லாத அளவிலேயே இருக்கிறது. ஆனால் அதில் பெரும்பகுதி மாவுப்பொருளோடும் நாரோடும் பிணைந்து கிடக்கிறது. நம் குடலால் அந்தக் கட்டை அவிழ்க்க முடியாது. உள்ளே போன வைட்டமின் அப்படியே வெளியே போய்விடும். காரத்தில் வேகும்போது கட்டு அவிழ்கிறது. கூடவே சுண்ணாம்பின் கால்சியம் தானியத்தில் ஏறுகிறது. கறவை மாடு என்ற ஒன்றே இல்லாத கண்டத்தில் அது எலும்புக்குப் பெரிய துணை. பூஞ்சை நஞ்சும் ஓரளவு குறைகிறது.

இதில் எதையும் ஒரு குடும்பம் சோதித்துக் கண்டுபிடித்திருக்க முடியாது. சுண்ணாம்பை இன்று நிறுத்தினால் நாளை ஒன்றும் ஆகாது. அடுத்த வாரமும் ஆகாது. சில மாதங்கள் கழித்து, அதுவும் அவரையும் கறியும் கிடைக்காத வீட்டில்தான், கையில் தோல் சிவக்கும். அப்போது ஒருவர் போன வருடம் வந்த வெயிலையும் பக்கத்து வீட்டுக் கண்ணேறையும் நினைப்பார்; பானையை நினைக்கமாட்டார். காரணத்துக்கும் விளைவுக்கும் நடுவே இவ்வளவு தூரம் இருந்தால் தனி மனிதனின் அனுபவம் அதைத் தாண்டாது. செய்து பார்த்துக் கற்றல் என்று நாம் சொல்வது கை சுட்டால் இழுத்துக்கொள்கிற விஷயங்களுக்குத்தான் பொருந்தும்.

ஆக, பெரிய நன்மையைச் சிறிய நன்மை சுமந்து வந்திருக்கிறது. தோல் கழலுகிறது என்பதற்காகப் போட்ட சுண்ணாம்பு உயிரையும் காத்தது. இதற்குமேல் இன்னொன்றும் நடந்திருக்க வேண்டும். 1974இல் சாலமன் காட்ஸும் இரு சக ஆய்வாளர்களும் அமெரிக்கக் கண்டங்களின் 51 பழங்குடிச் சமூகங்களை எடுத்துக்கொண்டு, யார் எவ்வளவு மக்காச்சோளம் விளைவித்து உண்டார்கள், யார் காரத்தில் வேகவைத்தார்கள் என்று ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மக்காச்சோளத்தையே பெரிதும் நம்பி வாழ்ந்த சமூகங்கள் ஏறக்குறைய எல்லாமே காரம் சேர்த்தன. கொஞ்சமாகத் தின்றவர்கள் பெரும்பாலும் சேர்க்கவில்லை. காரம் சேர்க்காமல் மக்காச்சோளத்தை முழு உணவாக்க முயன்ற ஊர்களும் இருந்திருக்கும். அவை பெருகியிருக்காது, அல்லது வேறு உணவுக்குத் திரும்பியிருக்கும் என்பது அவர்கள் வாதத்தின் சாரம். எனக்கு அது ஏற்கத்தக்கதாகவே தெரிகிறது. இங்கே சோதனை நடத்தியது காலம். முடிவைக் குறிப்பெடுத்தவர் எவரும் இல்லை.

ஸ்பெயின் துறவி பெர்னார்தினோ தே சஹகூன், 16ஆம் நூற்றாண்டில் ஆஸ்டெக் மக்களிடம் கேட்டுக் கேட்டு அவர்கள் வாழ்க்கையை எழுதி வைத்தார். அதில் ஒரு வழக்கம் வருகிறது. மக்காச்சோளத்தைப் பானையில் போடும் முன் பெண்கள் அதன் மேல் மூச்சை ஊதுவார்கள். ஊதினால் தானியத்துக்கு நெருப்பின் மேல் பயம் வராதாம். ஊதுவதும் சுண்ணாம்பும் ஒரே சமையலின் இரு படிகள். இன்று நாம் ஒன்றை வேதியியல் என்றும் மற்றதை மூடநம்பிக்கை என்றும் பிரித்துவிடுவோம். அந்தப் பெண்ணுக்குப் பிரிக்க வழியில்லை, பிரிக்க வேண்டிய அவசியமும் இல்லை. அம்மா செய்தபடியே எல்லாவற்றையும் செய்வதுதான் அவளுக்குப் பத்திரம். அந்த வகை அறிவின் பலமும் அதுதான், பலவீனமும் அதுதான். முழுதாகக் கைமாறும்வரை வேலை செய்யும். பாதியை மட்டும் எடுத்துப்போகிறவனை எச்சரிக்க அதனிடம் ஒரு சொல் இல்லை.

பாதியை எடுத்துப்போக 1492இல் ஆள் வந்தான்.

கொலம்பஸின் ஆட்கள் கரீபியத் தீவுகளில் மக்காச்சோளத்தைக் கண்டார்கள். அடுத்த ஆண்டே ஸ்பெயினுக்கு விதை போய்ச் சேர்ந்தது. 16ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் வெனிஸ் குடியரசின் வயல்களில் விளைந்தது. கோதுமையைவிட விளைச்சல் அதிகம். இத்தாலியின் வடக்கே ஏற்கெனவே வேறு தானியங்களைக் கிண்டிக் களியாகச் சாப்பிடும் பழக்கம் இருந்தது. மக்காச்சோளம் அந்தப் பானைக்குள் போய்ப் போலெண்டா ஆயிற்று.

சுண்ணாம்பை ஏன் விட்டுவிட்டார்கள்? அகந்தை, சுதேசிகளின் அறிவை மதிக்காதது என்று பொதுவாகச் சொல்வதுண்டு. அதில் உண்மை இல்லாமல் இல்லை. கப்பலில் விதையை ஏற்றியவர்கள் ஆண்கள். பானையருகே நின்றவர்கள் பெண்கள். அவர்களிடம் யாரும் போய்ச் செய்முறை கேட்கவில்லை. ஆனாலும் முக்கியக் காரணம் இன்னும் சாதாரணமானது என்று நினைக்கிறேன். ஐரோப்பாவில் ஆற்று நீரில் சுற்றும் பெரிய மாவரைக்கும் கற்கள் இருந்தன. காய்ந்த மக்காச்சோளத்தைத் தோலோடு போட்டாலும் அவை நொறுக்கித் தள்ளிவிடும். களி கிண்டுவதற்கு மாவு ஒட்டி நிற்கத் தேவையும் இல்லை. சுண்ணாம்பு எந்த வேலைக்காகக் கண்ணுக்குத் தெரிந்ததோ அந்த வேலையை இயந்திரம் செய்துவிட்டது. கண்ணுக்குத் தெரியாத வேலையைச் செய்யத்தான் ஆளில்லை.

1735இல் ஸ்பெயினின் வடக்கே ஓவியேதோ நகரில் கஸ்பார் காசால் என்ற மருத்துவர், அஸ்தூரியாஸ் பகுதி ஏழை உழவர்களிடம் ஒரு புது நோயைக் கண்டு குறித்து வைத்தார். கைகளிலும் கால்களிலும் சிவந்து, கறுத்து, பொருக்குத் தட்டும் தோல். கழுத்தைச் சுற்றி மாலை போட்டது போல ஒரு வளையம். மருத்துவர்கள் இன்றும் அதைக் காசால் மாலை என்கிறார்கள். நோயாளிகள் அநேகமாக மக்காச்சோளத்தையே தின்கிறார்கள், கறி அபூர்வம் என்பதையும் அவர் கவனித்தார். பால், முட்டை, இறைச்சி என்று உணவை மாற்றினால் குணம் தெரிகிறது என்றும் கண்டார். அவர் இறந்து மூன்றாண்டு கழித்து 1762இல்தான் அந்த நூல் அச்சானது. 1771இல் மிலான் மருத்துவர் பிரான்செஸ்கோ பிரபோல்லி, இத்தாலிய உழவர்கள் வழங்கிவந்த பெலாக்ரா என்ற பெயரையே நூலில் ஏற்றினார். 1786இல் ஆல்ப்ஸைத் தாண்டி இத்தாலிக்கு இறங்கிய ஜெர்மன் கவிஞர் கதேகூட, வழியில் கண்ட பெண்களின் வெளிறிய முகத்துக்கு அவர்கள் தின்கிற மக்காச்சோளக் களியும் பாப்பரைக் களியும்தான் காரணம் என்று எழுதினார்.

மக்காச்சோளத்துக்கும் நோய்க்கும் உறவிருக்கிறது என்பது இப்படிச் சீக்கிரமே தெரிந்துவிட்டது. என்ன உறவு என்பதில் அடுத்த 150 ஆண்டுகள் போயின. நோய் வசந்தத்தில் தலைகாட்டும். குளிர்காலம் முழுக்கக் களியைத் தின்று கிடந்த உழவர் வயலில் இறங்கி வெயில் பட்டதும் தோல் வெடிக்கும். ஆகவே வெயில்தான் காரணம் என்றது ஒரு கட்சி. பூஞ்சை பிடித்த மக்காச்சோளத்தின் நஞ்சு என்றது இன்னொரு கட்சி. அதன் தலைவர் குற்றவாளிகளை மண்டையோட்டை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்று சொன்ன அதே செசாரே லொம்ப்ரோசோ. அவர் குரல் பெரிய குரல். தானியம் கெட்டதில்லை, சத்துதான் போதாது என்று பிலிப்போ லுஸ்ஸானா போன்றவர்கள் சொன்னது அதில் அமுங்கிப்போனது. 1881இல் இத்தாலி எடுத்த கணக்கில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெலாக்ரா நோயாளிகள் இருந்தார்கள். மனநோய் விடுதிகள் அவர்களால் நிரம்பின. 1902இல் நோயைத் தடுக்கச் சட்டம் வந்தது. அதுவும் கெட்ட மக்காச்சோளத்தின் மேல்தான் கண் வைத்தது. பின்னால் கூலி உயர்ந்து, தட்டில் களியோடு வேறு உணவும் விழுந்தபோது நோய் வடிந்தது.

இந்த மருத்துவர்கள் மூடர்கள் இல்லை. கணக்கெடுத்தார்கள், ஒப்பிட்டார்கள், வாதிட்டார்கள், ஆய்வுக்கூடம் வைத்திருந்தார்கள். முறை இருந்தும் பதில் வரவில்லை. கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு நாடு முழுக்க மக்காச்சோளத்தைத் தின்று இந்த நோயில்லாமல் இருக்கிறதே, அவர்கள் பானையில் என்ன செய்கிறார்கள் என்று போய்ப் பார்ப்பது ஆய்வாக அன்று தோன்றவில்லை.

நம் பக்கத்துக் கதை ஒன்று இதற்கு அண்ணன் தம்பி உறவு. புழுங்கல் அரிசி. நெல்லை ஊறவைத்து, அவித்து, காயவைத்துக் குத்துவார்கள். ஏன் என்று கேட்டால் குத்தும்போது நொய் விழாது, பூச்சி அண்டாது, சோறு குழையாது, பசி தாங்கும் என்று பதில் வரும். அவிக்கும்போது தவிட்டில் இருக்கும் தயாமின், அதாவது பி1 வைட்டமின், அரிசியின் உள்ளே நகர்ந்து தங்கிவிடுகிறது. பிறகு எவ்வளவு தீட்டினாலும் முழுக்கப் போகாது. சென்னை மாகாணத்தில் பெரிபெரி நோய் வடசர்க்கார் எனப்பட்ட ஆந்திரக் கடலோர மாவட்டங்களில் ஊன்றி நின்றது. அங்கே ஆலையில் தீட்டிய பச்சரிசி. புழுங்கல் தின்ற தமிழ்ப் பகுதிகளில் அது அரிது. இந்த வேறுபாட்டைக் குன்னூர் ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்தில் வாலஸ் அய்க்ராய்டும் அவர் குழுவினரும் 1930களில் துருவி ஆராய்ந்தார்கள். நெல் அவித்த அண்டாவுக்கு அதற்குள் பல நூற்றாண்டு வயதாகியிருந்தது.

மக்காச்சோளத்துக்கு வருவோம். மோசமான அத்தியாயம் அது பிறந்த கண்டத்திலேயே எழுதப்பட்டது. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் செரோக்கி, சொக்தா போன்ற பழங்குடிகள் மக்காச்சோளத்தைச் சாம்பல் நீரில் ஊறவைத்துத் தோல் நீக்கிச் சமைத்தவர்கள். குடியேறிய வெள்ளையரும் அதைக் கற்றிருந்தார்கள், ஹோமினி என்ற பெயரில். பிறகு பருத்தி வந்து எல்லா நிலத்தையும் தின்றது. குத்தகைக்காரன் வீட்டு வாசல்வரை பருத்தி நின்றது, காய்கறிக்கு இடமில்லை. சாப்பாடு கடையிலிருந்து கடனில் வந்தது: பன்றிக் கொழுப்பு, வெல்லப்பாகு, ஆலை மாவு. 1900ஐ ஒட்டி வந்த புதிய ஆலைகள் மக்காச்சோளத்தின் முளைக் கருவையும் நீக்கிவிட்டு அரைத்தன; எண்ணெய்ப் பசை இல்லாததால் மாவு கெடாமல் தூரத்துக்குப் போகும். கருவோடு போன சத்தும் போனது.

1906இல் அலபாமாவில் கறுப்பின மக்களுக்கான மனநல மருத்துவமனை ஒன்றில் 88 பேருக்குப் பெலாக்ரா கண்டது. 57 பேர் இறந்தார்கள். தென் மாநிலங்கள் பதறின. 1912இல் அமைக்கப்பட்ட ஓர் ஆய்வுக் குழு ஊர் ஊராகப் போய், இது தொற்றுநோயாகத்தான் இருக்க வேண்டும் என்றது. கிருமிகள் ஒவ்வொன்றாகப் பிடிபட்டுக்கொண்டிருந்த காலம் அது. எந்த நோய்க்கும் ஒரு கிருமி தேடுவதுதான் புத்திசாலித்தனம்.

1914இல் மத்திய பொதுச் சுகாதாரத் துறை ஜோசப் கோல்ட்பெர்கரை அனுப்பியது. இன்றைய ஸ்லோவாக்கியாவில் பிறந்து, சிறுவயதில் நியூயார்க்குக்கு வந்த யூதர். போனதும் அவர் கண்ணில் பட்டது எளிய விஷயம். மனநோய் விடுதிவாசிகளுக்கு நோய் இருக்கிறது, அவர்களைத் தினமும் தொட்டுப் பழகும் தாதியருக்கு இல்லை. தொற்று ஆள் பார்த்தா ஒட்டும்? மிசிசிப்பியில் ஜாக்சன் நகர அநாதை விடுதிகளில் இன்னும் நுட்பமாக ஒன்று தெரிந்தது. ஆறு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்கு நோய் குறைவு, 12 வயதுக்கு மேல் உள்ளவர்களுக்கும் குறைவு; இடைப்பட்டவர்களுக்கே அதிகம். சின்னக் குழந்தைகளுக்குப் பால் கொடுத்தார்கள். பெரியவர்கள் வேலை செய்வதால் அவர்களுக்கு இறைச்சி. நடுவில் இருந்த பிள்ளைகளுக்குக் கஞ்சியும் பாகும். கோல்ட்பெர்கர் அரசுப் பணத்தில் எல்லாருக்கும் பாலும் முட்டையும் இறைச்சியும் தந்தார். அடுத்த ஆண்டு நோய் ஏறக்குறைய இல்லை.

உணவை மாற்றி நோயைப் போக்கினால் போதாது, உணவாலேயே வரவழைத்தும் காட்ட வேண்டும் என்றார்கள். 1915இல் மிசிசிப்பி சிறைப் பண்ணை ஒன்றில் கைதிகள் முன்வந்தார்கள். விடுதலை தருவதாக ஆளுநர் வாக்களித்திருந்தார். ஆறு மாதம்போல மக்காச்சோளக் கஞ்சி, மைதா ரொட்டி, அரிசி, பாகு. 11 பேரில் ஆறு பேருக்குப் பெலாக்ரா வந்தது. இன்று எந்த நெறிக்குழுவும் இதை அனுமதிக்காது. அப்போதும் எதிராளிகள் ஒப்பவில்லை. 1916இல் கோல்ட்பெர்கரும் நண்பர்களும் நோயாளிகளின் தோல் பொருக்கு, சிறுநீர், மலம் இவற்றை மாவில் உருட்டி விழுங்கினார்கள். இரத்தத்தை ஊசியில் ஏற்றிக்கொண்டார்கள். அவர் மனைவி மேரியும் நோயாளியின் இரத்தத்தை ஏற்றிக்கொண்டார். யாருக்கும் நோய் ஒட்டவில்லை. கூட இருந்த பொருளியலாளர் எட்கர் சைடன்ஸ்ட்ரிக்கர், தென் கரோலினாவின் ஏழு மில் குடியிருப்புகளில் வீடு வீடாக வருமானமும் சாப்பாடும் கணக்கெடுத்து, வருமானம் இறங்க இறங்க நோய் ஏறுவதைக் காட்டினார். தென் மாநில அரசியல்வாதிகளுக்குக் கிருமியைவிட அதுதான் எரிச்சல். 1921இல் பருத்தி விலை விழுந்து பஞ்சம் வரும் என்று கோல்ட்பெர்கர் தரப்பு எச்சரித்தபோது, எங்கள் ஊரைப் பட்டினி ஊர் என்பதா என்று கொதித்தார்கள்.

கோல்ட்பெர்கர் 1929இல் புற்றுநோயில் இறந்தார். ஈஸ்ட் கொடுத்தால் நோய் போகும் என்பதுவரை கண்டுவிட்டார். ஈஸ்டில் இருப்பது என்ன என்பது கிடைக்கவில்லை. 1937இல் விஸ்கான்சினில் கான்ராட் எல்வெஜெம், நாய்களுக்கு வரும் இணையான நோயை நிகோடினிக் அமிலம் போக்குகிறது என்று காட்டினார். அந்தப் பொருள் 1867 முதலே வேதியியல் அலமாரியில் இருந்தது, புகையிலையின் நிகோடினிலிருந்து செய்ததாக. 1912 வாக்கில் காசிமிர் ஃபங்க் அதைத் தவிட்டிலிருந்தே பிரித்து, பெரிபெரிக்கு உதவவில்லை என்று ஒதுக்கினார். பெயரைக் கேட்டால் சிகரெட் நினைவு வருகிறதென்று பின்னால் நியாசின் என்று மாற்றினார்கள். அமெரிக்காவில் 1906இலிருந்து 1940வரை பெலாக்ராவில் இறந்தவர்கள் ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் என்று மதிப்பிடுகிறார்கள்.

நியாசின் கிடைத்ததும் புதிர் பெரிதாகிப்போனது. அளந்து பார்த்தால் பாலைவிட மக்காச்சோளத்தில் நியாசின் அதிகம்! பால் நோயைத் தடுக்கிறது, மக்காச்சோளம் வரவழைக்கிறது. 1945இல் பாதி விடை வந்தது: பாலில் உள்ள டிரிப்டோஃபேன் என்ற அமினோ அமிலத்திலிருந்து உடலே நியாசின் செய்துகொள்ளும், மக்காச்சோளத்தில் அது குறைவு. மறுபாதிக்காக 1951இல் மெக்சிகோக்காரரான ஹோசே லகூனாவும் இங்கிலாந்துக்காரரான கென்னத் கார்பெண்டரும் எலிகளுக்கு இரண்டு விதமாக மக்காச்சோளம் கொடுத்தார்கள். ஒன்று வெறுமனே அரைத்தது. மற்றது சுண்ணாம்பில் வேகவைத்து டோர்ட்டியாவாக்கியது. இரண்டாவதைத் தின்ற எலிகள் நன்றாக வளர்ந்தன. காசாலின் குறிப்புக்கு 216 ஆண்டுகள் கழித்து, ஒருவழியாகப் பானையை எட்டிப் பார்த்தாயிற்று.

பானைக்கு நியாயம் செய்வதாக நினைத்து அதைத் தெய்வமாக்கிவிடக் கூடாது. மெக்சிகோவில் மக்காச்சோளத்தோடு அவரையும் பூசணியும் விளைந்தன. டிரிப்டோஃபேன் அவரையிலிருந்தும் வந்தது. சுண்ணாம்பு தனியாக எல்லாவற்றையும் காக்கவில்லை. அதோடு, அந்த அம்மி பெண்களின் முழங்காலையும் முதுகையும் என்ன பாடு படுத்தியது என்பதை அவர்கள் எலும்புகளே காட்டுகின்றன. 20ஆம் நூற்றாண்டில் ஊருக்கு ஊர் நிக்ஸ்தமால் அரைக்கும் மில் வந்தபோது வாளியைத் தூக்கிக்கொண்டு பெண்கள் ஓடியதில் வியப்பில்லை. மில் மாவு ருசியில்லை என்று முணுமுணுத்தவர்கள் ஆண்கள். ஆனால் அந்த மில்லும் ஊறவைத்த தானியத்தைத்தான் அரைத்தது. சுண்ணாம்பு இருந்தது.

கதையின் ஒரு கிளை நம்மிடமும் நீள்கிறது. ஹைதராபாத் பக்கத்து வறண்ட நிலங்களில் மக்காச்சோளமே தின்னாத, நம் பழைய சோளத்தைத் தின்கிற கூலிக்காரர்களிடம் பெலாக்ரா தெரிந்தது. சேலத்தில் பிறந்த சி. கோபாலன், எஸ்.ஜி. ஸ்ரீகாந்தியாவோடு சேர்ந்து 1960இல் ஒரு விளக்கம் தந்தார்: சோளத்தில் மிகுந்திருக்கும் லூசின் என்ற அமினோ அமிலம், உடல் நியாசின் செய்வதையும் பயன்படுத்துவதையும் கெடுக்கிறது. குன்னூர் ஆய்வுக்கூடம் ஹைதராபாத்துக்கு மாறியபின் நடந்த வேலை இது. மற்ற ஆய்வுக்கூடங்களில் அதே சோதனை ஒருமுறை ஒப்பவும் ஒருமுறை மறுக்கவும் செய்தது. விவாதம் பல ஆண்டு நீண்டது.

1990இல் மலாவியின் முகாம்களில் மொசாம்பிக் அகதிகள் ஏறக்குறைய 18,000 பேருக்குப் பெலாக்ரா வந்தது. நிவாரணமாகக் கிடைத்தது மக்காச்சோளம். அதுவரை கூடவே வந்த நிலக்கடலை நின்றுபோயிருந்தது. போர்த்துக்கீசியர் வழியாக ஆப்பிரிக்காவுக்கு வந்த நாள் முதல் அங்கேயும் மக்காச்சோளம் சுண்ணாம்பில்லாமல்தான் வேகிறது. வெள்ளை வெளேரென்று இருக்க வேண்டிய நசீமா களி, சுண்ணாம்பு போட்டால் மஞ்சள் தட்டும், மணமும் மாறும். அதை யார் வாயில் வைப்பார்கள்? இப்படிப்பட்ட இடங்களில் உலகம் சமையலை மாற்றச் சொல்வதில்லை. மாத்திரை கொடுக்கிறது, மாவில் நியாசின் கலந்து அனுப்புகிறது, முடிந்தால் கடலையைத் திரும்பக் கொண்டுவருகிறது.